மொட்டு கடிக்கும் எறும்பு

காட்டு ஆய்வு நிலையம்
மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். அட்டை கடிச்ச புண்ணு ஆறிடுச்சு. உன் முட்டி வலி எப்படி இருக்கு? படியில ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குறே? கடைக்கும் மாடிக்கும் நடுவுல ஒரு மணி கட்டுன்னு சொன்னேனே, கட்டினியா? என் பொண்ணு, அந்த வாலு, எப்படி இருக்கா? வழக்கம்போல சாப்பாடு முடிஞ்சதும் இதை அவளுக்குச் சத்தமா படிச்சுக் காட்டு.

முதல்ல நீ கேட்டதுக்குப் பதில். நீச்சல் குளத்துக் கோச் அவளைத் தேர்ந்தெடுத்திருக்கார்னு நீ எழுதினதைப் படிச்சிட்டு இங்க சமையல்காரர் வரைக்கும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வெளியூர் நீச்சல் பயிற்சி விடுதி, ரெண்டு வருஷம், காலையும் சாயங்காலமும் தண்ணி, நடுவுல பள்ளிக்கூடம். அனுப்பு அக்கா. யோசிக்கவே வேண்டாம். ஏப்ரல் கடைசிக்குள்ள சொல்லணும்னு எழுதியிருந்தே. எனக்குச் சம்மதம்னு தனித்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோட வச்சிருக்கேன், கோச்கிட்ட குடுத்துடு. சாப்பாட்டு மேசைமேல குப்புறப் படுத்துக் கையைக் காலை அடிச்ச பொண்ணு அவ. வேற எங்க போவா?

இப்போ என் எறும்புங்க. மரம்னு சொன்னதும் பெருசா நினைச்சுக்காதே, என்னைவிட ஒரு முழம் உசரம், அவ்வளவுதான். இலை கிளம்புற இடத்துல தண்டு வீங்கி உள்ளே பொந்தா இருக்கும். அதுக்குள்ளதான் எறும்பு குடித்தனம். வீடு கட்டித் தர்றது மரம். பதிலுக்கு எறும்பு காவல் பாக்கும். எள்ளைவிடச் சின்னது, செம்மஞ்சள் நிறம், பாத்தா ஊதிவிடலாம் போல இருக்கும். ஆனா ஒரு புழு இளந்தளிர்ல வாய் வைக்கட்டும், கூட்டமா வந்து ஒவ்வொரு காலையும் பிடிச்சுத் தொங்கி இழுத்துக் கீழே தள்ளிடும்.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியாம இருந்துச்சு. எறும்பு குடியிருக்கிற மரம் பூக்கவே மாட்டேங்குது. எறும்பே இல்லேன்னா என்ன ஆகும்னு பாக்க ஜனவரியில சில மரத்துல எறும்பையெல்லாம் எடுத்துட்டோம். அதுல மட்டும் இப்போ கொத்துக் கொத்தா மொட்டு! சரின்னு போன வியாழக்கிழமை எறும்பு இருக்கிற மரத்துக்கு முன்னால லென்ஸோட உட்கார்ந்தேன். கழுத்து ஒடிஞ்சுபோச்சு. உச்சி வெயில்ல பாக்குறேன், அதே காவக்கார எறும்பு வரிசையா வந்து மொட்டுக் காம்பைக் கடிச்சு அறுத்துக் கீழே போடுது! பூவும் காயும் வந்தா மரம் தன் சத்தையெல்லாம் அதுக்குக் குடுத்துடும். பூக்க விடலேன்னா இலையா விடும். இலை வந்தா புது வீடு. இது திருட்டா சாமர்த்தியமான்னு வாலுகிட்ட கேட்டு எழுது.

ஜீப் கிளம்பப்போகுது. உடம்பைப் பாத்துக்கோ. என் கண்ணு வாலுக்கு ஒரு முத்தம்.

உன் தங்கச்சி


கண்ணாடிக் கடை, மாடி
மார்ச் 21

அடியே காட்டுக்காரி,

இங்க எல்லாரும் சுகம். என் முட்டி அப்படியேதான் இருக்கு, படி ஏறும்போது மட்டும் உன்னைத் திட்டும். மணியெல்லாம் கட்டலை. மணி அடிச்சா யாரு இறங்கி வரப்போறா, நானேதானே?

கடையில கூட்டத்துக்குக் குறைவில்லை. நேத்து ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் வந்தார். எழுத்துப் பலகையில கடைசி வரி தப்பா அச்சடிச்சிருக்குன்னு சண்டை. ஐயா, உங்க கண்ணுதான் தப்பா அச்சடிக்குதுன்னு சொல்ல வாய் வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். மூணு லென்ஸ் மாத்திப் போட்டதும் படிச்சார். ஆனா ஒத்துக்கல, "இப்பதான் சரி பண்ணியிருக்கீங்க"ன்னு போயிட்டார். லென்ஸ் தேய்க்கிற மிஷின் பெல்ட் மறுபடியும் அறுந்துச்சு. மாடியில குளியலறைப் பக்கம் ஒழுகுது, கொத்தனார் நாளைக்கு நாளைக்குன்னு என்னைச் சுத்தவிடுறான்.

உன் எறும்பை ரெண்டு தடவை படிச்சேன். வாலு திருட்டுதான்னு சொல்லிட்டா. வீட்டுக்காரனே மரம், அவன் பூவையே கடிக்கிற குடித்தனக்காரனை யாராவது வச்சிருப்பாங்களான்னு கேட்டா. நல்லா கேட்டா இல்ல?

அவளுக்குப் பரீட்சை நெருங்குது. அதனால இந்தத் தடவை கீழே அவ வழக்கமா எழுதுற ரெண்டு வரி இல்லை. கோவிச்சுக்காதே. வேளைக்குச் சாப்பிடு. ஈரத் துணியோட படுக்காதே.

அக்கா


காட்டு ஆய்வு நிலையம்
ஏப்ரல் 8

அக்கா,

நான் நல்லா இருக்கேன். நீயும் வாலும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். நம்பத்தான் வேண்டியிருக்கு, ஏன்னா நீ எழுதினது கணக்கு வாத்தியார் கண்ணு, மிஷின் பெல்ட், கொத்தனார். விடுதி என்னாச்சு? கோச்கிட்ட தாளைக் குடுத்தியா? ஒரு வார்த்தை இல்லையே! உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், பின்பக்கத்துலயாவது இருக்கான்னு.

வாலு ஏன் எழுதலை? பரீட்சைன்னா ரெண்டு வரி எழுத நேரமில்லாம போயிடுமா? போன வருஷப் பரீட்சைக்கு நடுவுலயும் "அம்மா, ராணி எறும்பு செத்தா யாரு அடுத்த ராணி?"ன்னு எழுதினவதானே.

இங்க எறும்பு எடுத்த மரமெல்லாம் பூத்துடுச்சு. வெள்ளைப் பூ, சின்னச் சின்னதா. ஆனா இலையைப் பாக்கச் சகிக்கலை. காவல் இல்லாததால வண்டும் புழுவும் மேஞ்சு சல்லடை ஆக்கிடுச்சு. ரெண்டு மரம் வெறும் குச்சி. பூவும் குச்சியுமா நிக்குது. எனக்கே பாவமா இருக்கு.

இந்தத் தடவை பதில்ல முதல் வரியே விடுதி பத்தி இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் குடு.

தங்கச்சி


கண்ணாடிக் கடை, மாடி
ஏப்ரல் 26

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். நீயும் சுகமா இருக்கணும்.

முதல் வரியே விடுதிதான், போதுமா? இந்த வருஷம் வேண்டாம்னு ஆயிடுச்சு. குளத்துத் தண்ணியில மருந்து போட்டுப் போட்டு அவ கண்ணு எப்பப் பாத்தாலும் சிவப்பு. கண்ணைப் பத்தி எனக்கு நீ சொல்லித் தரவேண்டாம். தோள்பட்டை வேற வலிக்குதுங்கிறா. அந்தக் கோச் நல்ல மனுஷன்தான், ஆனா அவருக்கு வேணும்கிறது ஜெயிக்கிற பொண்ணு. நம்ம பொண்ணு ஜுரத்துல படுத்தா அவரா கஞ்சி வைப்பார்? அதுவுமில்லாம அவளே வேண்டாம்னுட்டா. குளத்துப் பக்கம் போறதையே விட்டுட்டா. சும்மா வீட்டுல புத்தகமும் கையுமா இருக்கா. வற்புறுத்த எனக்கு மனசு வரலை.

அடுத்த வருஷம் பாக்கலாம். வயசு எங்க ஓடிப்போகுது?

கொத்தனார் வந்து பாத்தான். குழாயே மாத்தணுமாம்.

அக்கா


நகர நீச்சல் குளம்
மே 17

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். தங்கள் மே 5 தேதியிட்ட கடிதம் கிடைத்தது. படித்ததும் எனக்குக் குழப்பமே ஏற்பட்டது.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் தங்கள் மூத்த சகோதரி தங்கள் மகளுடன் நேரில் வந்தார். தாயார் அனுமதி மறுத்துவிட்டதாகவும், கடிதம் மூலம் அதைத் திட்டவட்டமாகத் தெரிவித்திருப்பதாகவும் கூறினார். தங்கள் மகள் அருகிலேயே நின்றிருந்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பயிற்சிக்கு வரவில்லை. நான் இருமுறை ஆளனுப்பியும் பயனில்லை. தாங்கள் சம்மதம் எழுதி அனுப்பியதாகக் கூறும் தாள் எனக்கு வந்து சேரவில்லை.

அவருக்குரிய இடம் வேறொருவருக்கு அளிக்கப்பட்டுவிட்டது. எனினும் ஒரு மாணவி உடல்நலக் குறைவால் விலகியிருக்கிறார். அந்த ஓரிடத்துக்கு ஜூன் 14 அன்று இங்கேயே தேர்வு நடக்கும். அன்று காலை தங்கள் மகளுடன் தாயாரோ காப்பாளரோ வந்து கையெழுத்திட வேண்டும். இதற்குமேல் என்னால் காத்திருக்க இயலாது. பதினாறு ஆண்டுப் பயிற்சியில் இப்படித் தண்ணீரைப் புரிந்துகொண்ட பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நீச்சல் பயிற்சியாளர்


காட்டு ஆய்வு நிலையம்
மே 28

அக்கா,

இன்னைக்கு உன் சுகத்தை விசாரிக்க எனக்கு மனசில்லை. நீ சுகமாத்தான் இருப்பே.

கோச்சுக்கு நானே எழுதினேன். பதில் வந்துடுச்சு. நான் வேண்டாம்னு எழுதினேனா? திட்டவட்டமா எழுதினேனா? நீயே போய் அவர் முன்னால நின்னு, என் பொண்ணையும் பக்கத்துல நிறுத்திக்கிட்டு, என் வாயில இல்லாத வார்த்தையை என் வாய்க்குள்ள திணிச்சிருக்கே! எப்படி அக்கா முடிஞ்சுது? நான் போட்ட கையெழுத்தை என்ன பண்ணினே, அடுப்புல போட்டியா?

அவ ஏன் எழுதலைன்னு இப்பப் புரியுது. ரெண்டு மாசமா என்னைப் பாவின்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கா. நீ பக்கத்துல உட்கார்ந்து அதைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கே.

மொட்டைக் கடிக்கிற எறும்பை ரெண்டு தடவை படிச்சேன்னு எழுதினியே, ஒரு தடவையாவது நாக்கு கூசுச்சா? அந்த எறும்பைப் பத்தி இன்னும் சொல்றேன் கேளு. அதைவிட நல்ல காவல் இந்தக் காட்டுல கிடையாது. புழு வந்தா விரட்டுது, வண்டு வந்தா விரட்டுது, ஜுரம் வந்தா விடிய விடிய முழிச்சிருக்குது, மழை வந்தா பள்ளிக்கூடத்துக்குக் குடை எடுத்துக்கிட்டு ஓடுது. தளிர் ஒவ்வொண்ணையும் தடவித் தடவிப் பாக்குது. மரத்துக்கு அதைவிட்டா நாதி இல்லை. எல்லாம் செஞ்சுட்டு, மொட்டு வந்த அன்னைக்குக் காம்புல வாய் வைக்குது. மரத்துமேல வெறுப்பு இல்லை, பாசம்னே வச்சுக்கோ. இன்னும் நாலு இலை வேணும், இன்னும் நாலு வீடு வேணும், மரம் எங்கயும் போயிடாம தனக்கே நிக்கணும். அதுக்காக "இந்த மரத்துக்குப் பூக்க இஷ்டமில்லை, அதுவே வேண்டாம்னுட்டது"ன்னு ஊருக்கெல்லாம் சொல்லுது. மரத்துக்கிட்டயே "உன் வேர் உன்னைப் பூக்க வேண்டாம்னுட்டது"ன்னு சொல்லுது. அதுதான்க்கா எனக்குத் தாங்கலை. எறும்பு பொய் சொல்லாது. நீ சொன்னே.

ஜூன் 14 தேர்வு. ஒரு இடம் இருக்கு. நீ அவளைக் கூட்டிட்டுப் போகணும். முதல் வேலையா இந்தக் கடிதத்தை அவளுக்குப் படிச்சுக் காட்டு. சத்தமா, முழுசா.

தங்கச்சி


கண்ணாடிக் கடை, மாடி
ஜூன் 6

அடியே,

உனக்கு மனசில்லேன்னா எனக்கும் இல்லை. விசாரிக்கலை.

ஆமா, சொன்னேன். நான்தான் சொன்னேன். உன் தாளை அடுப்புல போடலை, பீரோவுல துணிக்கு அடியில இருக்கு. கிழிக்கக் கை வரலை. வந்து எடுத்துக்கோ.

என்னை எறும்புன்னு எழுதியிருக்கே. எழுது, படிச்சவ நீ. ஆனா நீயே எழுதினதை நீயே மறந்துட்டியே! எறும்பு எடுத்த மரம் என்னாச்சு? பூத்துச்சு, ஆடிச்சு, அப்புறம்? புழு தின்னு சல்லடை. ரெண்டு மரம் குச்சி. "எனக்கே பாவமா இருக்கு"ன்னு யாரு எழுதினா, நானா? காவலே இல்லாம நிக்கவச்சுட்டுப் பாவமா இருக்குன்னு எழுதுறது உனக்குச் சுலபம். தூரத்துல நின்னு லென்ஸ் வழியா பாக்குறவ நீ.

அவ வயசுக்கு வந்தப்போ நீ எங்க இருந்தே? காட்டுல. அம்மை போட்டப்போ? காட்டுல. பள்ளிக்கூடத்துல பெத்தவங்க வரணும்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் கடையைச் சாத்திட்டுப் போய் நின்னது யாரு? "நீங்க அம்மாவா?"ன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம சிரிச்சுவச்சது யாரு? அவ அப்பா தவறின வருஷமே அவளை என் மடியில போட்டுட்டுக் கிளம்பினே. மூணு மாசம்னு சொன்னே. நல்லா ஞாபகம் இருக்கு, பஸ்ல ஜன்னல் வழியா விரலைக் காட்டினே, மூணு மாசம்னு.

உன்னை அனுப்பினதும் நான்தான்டி. நம்ம அப்பா போனப்புறம் கடையை நான் பாத்துக்கிறேன், நீ போய்ப் படின்னு சொன்னது நான்தான். நீயும் போனே. போனவ திரும்பி வந்தியா? காடே கதின்னு ஆயிட்டே. ஒருத்தியை அனுப்பினேன், அவ அப்படியே போயிட்டா. இன்னொருத்தியையும் என் கையாலயே அனுப்பணுமா? முடியாதுடி. எனக்கு வேற யாரு இருக்கா, சொல்லு. அந்தக் கொத்தனாரா?

உன் கடிதத்தை அவளுக்குப் படிக்க மாட்டேன். பதினாலாம் தேதியும் எங்கயும் வரமாட்டேன். உன் பொண்ணுதானே, நீ வந்து கூட்டிட்டுப் போ.

அக்கா


காட்டு ஆய்வு நிலையம்
ஜூன் 17

அக்கா,

உயிரோட இருக்கேன். அதுக்குமேல சொல்ல ஒண்ணுமில்லை.

உன் கடிதம் கைக்கு வர்றதுக்கு முன்னாலயே நான் கிளம்பினேன். பத்தாம் தேதி மூட்டையோட ஜீப்ல ஏறினேன். ஓடையில வெள்ளம் வந்து மரப்பாலத்தை அடிச்சிட்டுப் போயிடுச்சு. டிரைவர் வண்டியைத் திருப்பிட்டார். நான் இறங்கி நடந்தேன். இடுப்பளவு தண்ணியில இறங்கினப்போ வனக்காவலர் பின்னாலயே ஓடிவந்து தரதரன்னு இழுத்துட்டு வந்தார். அவரைக் கண்டபடி திட்டினேன், பாவம் மனுஷன். அவர்தான் மழை கொஞ்சம் விட்டதும் நேத்து மலைப்பாதையில சுத்தி நடந்துபோய்த் தபாலைக் கொண்டுவந்தார். உன் கடிதம் அதுல இருந்துச்சு.

தேர்வு முடிஞ்சிருக்கும். அந்த ஒரு இடமும் போயிருக்கும். இப்ப உனக்குத் திருப்தியா?

எனக்கு வயிறு எரியுது. உன்மேலயும் எரியுது, என்மேலயும் எரியுது. மூணு மாசம்னு விரலைக் காட்டினது உண்மை. அதை நீ இவ்வளவு நாள் உள்ளேயே வச்சிருந்து இன்னைக்கு எடுத்து அடிச்சே பாரு, வலிச்சுது. வலிக்கட்டும்னுதானே எழுதினே.

சல்லடை ஆனது உண்மை. நான் மறக்கலை. ஆனா நீ கேக்காத ஒண்ணையும் சொல்லிடுறேன். அதே மாதிரி மரத்துல வேற ஒரு இன எறும்பும் குடியிருக்கு. கொஞ்சம் பெருசு, கன்னங்கரேல்னு. காவலும் பாக்குது, பூவையும் தொடுறதில்லை. ரெண்டையும் ஒண்ணா செய்ய முடியும். உனக்கு முடியலைன்னு சொல்லாதே, மனசு வரலைன்னு சொல்லு.

பாலம் கட்டினதும் வந்துடுவேன். வந்து அவளை என்னோட கூட்டிட்டு வந்துடுவேன். நீ உன் கடையைக் கட்டிக்கிட்டு அழு.

தங்கச்சி


கண்ணாடிக் கடை, மாடி
ஜூன் 20

தங்கச்சிக்கு,

என் உடம்புக்கு ஒண்ணுமில்லை. உனக்கும் ஒண்ணுமில்லாம இருக்கணும். காட்டுல மழைன்னு ரேடியோவுல சொன்னான்.

நடந்ததை எழுதிடுறேன். அப்புறம் உன் இஷ்டம்.

பன்னிரண்டாம் தேதி சாப்பிட்டு முடிச்சதும் வாலு தட்டைக் கழுவி வச்சுட்டு எதிர்ல வந்து உட்கார்ந்தா. "அம்மா எறும்பு பத்தி ஏதும் எழுதலையா?"ன்னா. ரொம்ப நாளா அவ அதைக் கேக்கவே இல்லை. எனக்கு ஆசை வந்துடுச்சு. எறும்பை மட்டும் படிச்சுட்டு மத்ததைத் தாண்டிடலாம்னு உன் கடிதத்தை எடுத்தேன். எப்பவும் அப்படித்தான் தாண்டுவேன். மார்ச்ல உன் சம்மதத்தையும் அப்படித்தான் தாண்டினேன், இருமுற மாதிரி இருமிட்டு அடுத்த பத்திக்குப் போயிட்டேன். உன் தாளை முதல்லயே எடுத்து வச்சுட்டதால அவளுக்கு ஒண்ணும் தெரியலை.

ஆனா இந்தத் தடவை நீ எழுதின லட்சணம்! எறும்பு எங்க முடியுது, நான் எங்க ஆரம்பிக்கிறேன்னே கண்டுபிடிக்க முடியலை. புழு வந்தா விரட்டுதுன்னு படிச்சேன். வண்டு வந்தா விரட்டுதுன்னு படிச்சேன். நிறுத்துறதுக்குள்ள வாய் தானா ஜுரம் வந்தா முழிச்சிருக்குது, குடை எடுத்துக்கிட்டு ஓடுதுன்னு படிச்சிடுச்சு. அவ நிமிர்ந்து பாத்தா. "எறும்பு எதுக்குப் பெரியம்மா குடை கொண்டுபோகுது?"ன்னா.

கண்ணாடியைத் துடைச்சேன். மறுபடியும் போட்டேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா. அதுக்கப்புறம் முழுசா படிச்சேன். நான் சொன்ன பொய்யை என் வாயாலயே உன் எழுத்துல படிச்சேன். படிச்சு முடிச்சதும் அவ கடிதத்தை என் கையிலேர்ந்து வாங்கித் தானே ஒரு தடவை படிச்சா. பீரோவைத் திறந்து தாளையும் எடுத்துக்கிட்டா. என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பதினாலாம் தேதி கடையைச் சாத்திட்டு நானே கூட்டிட்டுப் போனேன். பஸ்ல என் பக்கத்துல இடம் இருந்தும் முன் சீட்டுல போய் உட்கார்ந்தா. ரெண்டு மாசம் தண்ணியில இறங்காதவ, எப்படி நீந்தினாளோ தெரியலை, நான் கண்ணை மூடிக்கிட்டேன். கோச் வந்து கையெழுத்துப் போடுங்கன்னார். போட்டேன். பதினெட்டாம் தேதி கிளம்பிட்டா.

நீ நினைச்சது நடந்துடுச்சு, சந்தோஷமா இரு. எனக்கு உன்மேல இருக்கிற கோபம் இன்னும் தீரலை, அதையும் சொல்லிடுறேன். மாடி ஏறவே பிடிக்கலை. கடையிலயே உட்கார்ந்திருக்கேன். எறும்பு பத்தி இனிமே எழுதாதே. யாருக்குப் படிக்க?

அக்கா


நீச்சல் பயிற்சி விடுதி
ஜூலை 12

பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும்,

இதை ஒரே மாதிரி ரெண்டு தாள்ல எழுதி ரெண்டு பேருக்கும் தனித்தனியா அனுப்புறேன். யாரும் யாருக்கும் படிச்சுக் காட்ட வேண்டாம்.

நான் நல்லா இருக்கேன். தோள் வலிக்குது, ஆனா எல்லாருக்கும் வலிக்குது. பக்கத்துக் கட்டில் பொண்ணு தூக்கத்துல எண்ணுவா. சாப்பாடு சுமார்தான். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும். இது சும்மா எழுதலை, நிஜமாத்தான்.

நீங்க எழுதிக்கிட்ட எல்லாத்தையும் படிச்சிட்டேன். பெரியம்மா பீரோவுல இருந்ததெல்லாம் எடுத்துட்டு வந்தேன், நான் கிளம்பினப்புறம் வந்த அம்மாவோட கடிதத்தைப் பெரியம்மாவே அனுப்பிவச்சா. அம்மா போன வாரம் பெரியம்மாவோட கடிதங்களை எனக்கு அனுப்பிவச்சா, யாரு பக்கம் நியாயம்னு நானே பாத்துக்கணுமாம். நல்லாருக்கு! ஒருத்தி எறும்புங்கிறா, ஒருத்தி சல்லடைங்கிறா. கறுப்பு எறும்பு வேற. நான் மரமா? என்னை நடுவுல நட்டுவச்சுட்டு ரெண்டு பேரும் சுத்திச் சுத்தி அடிச்சுக்கிட்டீங்க. மார்ச்லேர்ந்து ஜூன் வரைக்கும் ஒருத்தராவது "உனக்கு என்னடி வேணும்?"னு என்னைக் கேட்டீங்களா? பெரியம்மா ஒரே வீட்டுல இருந்தே, கேக்கலை. அம்மா ஒரு தபால்தலை ஒட்டியிருந்தா போதும், கேக்கலை.

பெரியம்மா, நீ பொய் சொன்னே. குளத்துல கோச்கிட்ட சொல்லும்போது என் கையைப் பிடிச்சிருந்தே. என்னை ஆறுதல் படுத்துற மாதிரி அழுத்திக் குடுத்தே. பொய்யைக்கூட மன்னிச்சிடலாம், அந்தக் கையை என்னால மன்னிக்க முடியலை. பஸ்ல நீ பின்னால அழுதது எனக்குக் கேட்டுச்சு. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

வருஷக் கடைசி லீவுக்கு யாரு வீட்டுக்குப் போறேன்னு ஆபீஸ்ல கேட்டாங்க. இங்கயே இருக்கேன்னு சொல்லிட்டேன். வந்து பாக்கவும் வேண்டாம். கோபம் ஆறினா நானே எழுதுறேன். ஆறணும்னுதான் எனக்கும் ஆசை.

அம்மா, நீ ஜெயிச்சுட்டேன்னு நினைக்காதே. நீ சரின்னு எழுதினே, தெரியும். யாருக்கு எழுதினே? பெரியம்மாவுக்கு. இத்தனை வருஷத்துல என் பேருக்குன்னு ஒரு கடிதம் வந்ததில்லை. எறும்புக்குப் பக்கம் பக்கமா எழுதுவே, கடைசியில எனக்கு ஒரு முத்தம். நான் அந்த எறும்பையெல்லாம் அவ்வளவு ஆசையா கேட்டேன், ஏன்னா உன்கிட்டேர்ந்து வர்றது அது மட்டும்தான்.

உங்கம்மா வேண்டாம்னுட்டான்னு பெரியம்மா சொன்னப்போ நான் அழலை, சண்டை போடலை, அந்தக் கடிதத்தைக் காட்டுன்னுகூடக் கேக்கலை. ஏன்னு நீ யோசிச்சியா? பெரியம்மா பொய் சொல்ல மாட்டான்னு நினைச்சு இல்லை. நீ அப்படித்தான் சொல்லியிருப்பேன்னு நம்புறது எனக்கு ரொம்பச் சுலபமா இருந்துச்சும்மா.

மணி அடிச்சுட்டாங்க, தண்ணிக்குப் போகணும்.

உங்க பொண்ணு